விசேஷத்துக்குக் கையால் என்ன செய்யலாம்? முதலில் யார் கை சும்மா இருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: மகளுக்கு அடுத்த மாதம் தெரட்டிச் சீர் (பூப்புனித நீராட்டு விழா). கோவையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். எல்லாவற்றையும் கடையில் வாங்காமல் வீட்டிலேயே கையால் என்னென்ன செய்யலாம்? செலவு குறையுமா?

செலவை முதலில் சொல்லிவிடுகிறேன். குறையாதுங்க. 2022 ஆவணியில் என் தம்பி கல்யாணத்துக்கு 300 தாம்பூலப் பைகளை வீட்டிலேயே தைத்தோம். துணி, நூல், உடைந்த ஊசிகள், வந்து போனவர்களுக்கு ஊற்றிய காபி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால், ரெடிமேட் பைக்கும் எங்கள் பைக்கும் ஒன்றுக்கு மூன்று ரூபாய்கூட வித்தியாசம் வரவில்லை. எங்கள் கூலியை அதில் சேர்க்கவே இல்லை.

ஆனாலும் மறுபடி ஒரு விசேஷம் வந்தால் செய்வேன். காரணம் என் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா. அப்போது அவருக்கு 78 வயது, முழங்கால் வலி. விசேஷ வீட்டில் பாதிப் பேர் ஓடிக்கொண்டே இருப்பார்கள். மீதிப் பேர் "நான் ஏதாச்சும் செய்யட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு, ஒருவரும் பதில் சொல்லாததால் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த இரண்டாவது கூட்டத்தைப் பார்த்துத்தான் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். யூடியூபில் அழகாகத் தெரிவதைப் பார்த்து முடிவெடுத்தால் கடைசியில் நீங்கள் ஒருவர் மட்டும் இரவு இரண்டு மணிக்குப் பசையோடு மல்லுக்கட்டுவீர்கள். எனக்கு அந்த அனுபவமும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

பை தைக்கலாம் என்ற யோசனை அம்மாவுடையது. பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரி 1 முதலே தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் அரசாங்கம் 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்ததும் துணிப் பைக்கு ஒரு மவுசு வந்துவிட்டது. எங்கள் வீடு ஊத்துக்குளிப் பக்கம். ஒரு பக்கம் திருப்பூர், இன்னொரு பக்கம் சென்னிமலை, ஈரோடு. துணிக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. தறியிலிருந்து அப்படியே வரும், வெளுக்காத காடாத் துணி 36 அங்குல அகலத்தில் 110 மீட்டர் வாங்கினோம். பை ஒன்றுக்கு 11 அங்குல அகலம், 31 அங்குல நீளம் வெட்டினால், மடித்துத் தைத்தபின் ஒரு தேங்காயும் வெற்றிலை பாக்கும் தாராளமாக அடங்கும். அகலவாட்டில் மூன்று பை விழும். கைப்பிடிக்குத் தனியாக 20 மீட்டர் போனது.

இங்கே ஒரு விஷயம். காடாத் துணியை வாங்கியவுடன் வெட்டக் கூடாது. நெய்வதற்கு முன்பே பாவு நூலுக்கு, அதாவது நீளவாட்டில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போட்டிருப்பார்கள். அது துணியில் அப்படியே இருக்கும். ஓர் இரவு ஊற வைத்து, கொதிநீரில் அலசிக் காய வைத்தால்தான் கஞ்சியும் போகும், சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடும். இதைச் செய்யாமல் தைத்தால் பை முதல் சலவையிலேயே கோணிக்கொள்ளும். 110 மீட்டரை அலசுவது வேலைதான். எங்களுக்குக் கிணற்றடியும் தொட்டியும் இருந்தன. அபார்ட்மெண்ட் பால்கனியில் இது ஆகாது. நீங்கள் அலசிய துணியாகவே கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

அப்புறம் வேலையைப் பிரித்தோம். சின்னம்மா வெட்டினார். அம்மாவும் நங்கையும் (அண்ணி) ஆளுக்கொரு மெஷினில் தைத்தார்கள். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள், ஆகவே பிசிறு வெட்டுவதும் தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் என் பாடு. அமுச்சிக்கு? தைத்த பையை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, கரண்டிக் காம்பை உள்ளே விட்டு மூலைகளைக் குத்தி எடுப்பது. பழைய பவானி ஜமக்காளத்தை விரித்துச் சுவரில் சாய்ந்துகொண்டு 300 பைக்கும் அவரேதான் மூலை எடுத்தார். 600 மூலை. பக்கத்து வீட்டுப் பெண்கள் உதவிக்கு வந்தால்கூட அந்தக் கரண்டியை யாருக்கும் கொடுக்கவில்லை.

வெள்ளையாக இருக்கிறதே, மஞ்சப்பை என்றால் மஞ்சளாக இருக்க வேண்டாமா என்று கேட்டதும் அவர்தான். மஞ்சளுக்குப் பேர்போன ஈரோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு சாயப் பொடி வாங்குவதா என்று எனக்கும் தோன்றியது. முதல் 60 பைகளைப் படிகாரத் தண்ணீரில் முக்கி எடுத்து, அண்டாவில் மஞ்சள் தூளைக் கரைத்துக் கொதிக்க விட்டு அதில் போட்டோம். நிறம் அப்படி ஏறியது. பார்த்தால் சாமந்திப் பூதான். கொடியில் இடம் பத்தாமல் பாதிப் பைகளை மாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் காயப் போட்டேன். கல்யாணத்துக்காக முந்தின நாள்தான் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

சாயங்காலம் எடுக்கப் போனால் சுவரில் பட்ட இடமெல்லாம் ரத்தச் சிவப்பு. நான் கத்தின கத்தலில் எல்லோரும் மாடிக்கு வந்துவிட்டார்கள். கீழே இருந்தே விஷயத்தைக் கேட்டுக்கொண்ட அமுச்சி, "ஏங்கண்ணு, ஆரத்தி கரைக்கறதுக்கு வேற தட்டமே கெடைக்கலியா?" என்றார்.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடத்தில் படித்ததுதான். மஞ்சள் காரத்தில் பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் மறுபடி மஞ்சளாகும். ஆரத்தித் தட்டில் வாழ்நாள் முழுக்கப் பார்த்ததும்தான். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்த்தபோது கறை பெரும்பாலும் மஞ்சளுக்குத் திரும்பியது, ஓரங்களில் மட்டும் ஒரு செந்நிறம் தங்கிவிட்டது. சோப்புப் போட்டுத் துவைத்தாலும் இதே கதைதான். வெயிலில் காய வைத்தால் மஞ்சள் சாயம் சீக்கிரமே வெளுத்தும் போகும், படிகாரம் போட்டும் பெரிதாகத் தாங்கவில்லை. ஆகவே துவைத்துப் புழங்கும் எதற்கும் மஞ்சளில் சாயம் போடாதீர்கள். மீதி 240 பைகளை வெள்ளையாகவே விட்டு, கைப்பிடியில் மஞ்சள் நூலால் ஒரு விரலி மஞ்சளைக் கட்டிக் கொடுத்தோம். அதுதான் எல்லோருக்கும் பிடித்தது. தம்பிக்கு இணைச்சீர் (கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்யும் சீர்) செய்ய நின்றபோது என் பத்து விரலும் மஞ்சளாக இருந்தன. மருதாணி போட்டதே தெரியவில்லை.

சரி, இனி பசைக் கதை. சீர்த்தட்டு அலங்காரம். மயில், கப்பல், கோபுரம் என்று இப்போது தட்டுத் தட்டாகச் செய்கிறார்களே, அதில் ஒரு மயிலை நானே செய்தேன். முத்து, ஜிகினா எல்லாம் க்ளூ கன்னால் ஒட்டியது. இரண்டு இரவு போனது. உருகி ஒட்டுகிற பசைதானே, மறுபடி சூடானால் இளகும். மதியம் மூடிய காருக்குள் இரண்டு மணி நேரம் இருந்ததில் மயில் மொட்டையாகிவிட்டது. அந்தத் தட்டில் ஆப்பிளை அடுக்கிச் சமாளித்தோம். ஒரு நாள் பார்வைக்கு வைக்கிற சாமானை அது தெரிந்தவர்களிடம் வாடகைக்கு எடுப்பதே மேல் என்பது என் கட்சி. நங்கை ஒத்துக்கொள்ள மாட்டார், அவருக்குக் கை அப்படி.

உங்களுடையது தெரட்டிச் சீர் என்பதால் இன்னொன்று. பாப்பாவையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த வயதில் ஃப்ளெக்ஸில் தன் படத்தைப் பார்ப்பது சில பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சிலருக்கு ஓடி ஒளிந்துகொள்ளத் தோன்றும். ஏதாவது வேலையைக் கையில் கொடுத்தால் வருகிறவர்கள் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கும் கூச்சமாவது குறையும். அதற்கு நான் சொல்வது பனியன் துணிக் கால்மிதி. திருப்பூர் வேஸ்ட் கடைகளில் கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும். சாதாரண சிங்கிள் ஜெர்ஸி துணியாக (டி-ஷர்ட்டுக்கு வரும் மெல்லிய ஒற்றைப் பின்னல் துணி) பார்த்து எடுங்கள். அதை ஓரங்குல அகலத்தில் குறுக்குவாட்டில் நாடாவாக வெட்டி இரண்டு கையாலும் இழுத்தால் ஓரம் தானாகச் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். நூல் பிரியாது, ஓரம் அடிக்க வேண்டாம். இரட்டைப் பின்னலான இன்டர்லாக் துணி இப்படிச் சுருளாது, தட்டையாகவே நிற்கும்.

மூன்று நாடாவை எடுத்துச் சடை பின்ன வேண்டியதுதான், பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவே வேண்டாம். பின்னிய சடையைச் சுருட்டிச் சுருட்டி ஊசி நூலால் தைத்துக்கொண்டே போனால் வட்டக் கால்மிதி. ஒரே ஒரு சூட்சுமம், தரையில் வைத்துத் தைக்க வேண்டும். மடியில் வைத்து இழுத்து இழுத்துத் தைத்தால் ஓரம் தூக்கிக் கிண்ணமாகிவிடும். என் முதல் கால்மிதியில் எங்கள் பூனை குட்டி போட்டது.

வயர் கூடை பற்றி நீங்களே நினைத்திருப்பீர்கள். நெல்லிக்காய், சிவன் கண், பிஸ்கட் என்று எந்த முடிச்சானாலும் புதிதாகப் பழகுகிறவருக்கு ஒரு சின்னக் கூடைக்கே இரண்டு மூன்று நாளாகும். வருகிறவர்களுக்கு ரிடர்ன் கிஃப்டாக ஐம்பது கூடை என்றெல்லாம் இறங்காதீர்கள். சொந்தத்தில் போடத் தெரிந்த அத்தை ஒருவர் இருந்தால் வெற்றிலை, பழம் வைக்க இரண்டு கூடை போட்டுத் தரச் சொல்லுங்கள். கேட்டதற்கே சந்தோஷப்படுவார்.

தாய்மாமன் கட்டுகிற குடிசையை மட்டும் தெர்மாகோலில் செய்யாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன். பொள்ளாச்சியை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு தென்னங்கீற்றுக்கா பஞ்சம்? கீற்று முடையத் தெரிந்தவர் தாய்மாமன் ஊரில் ஒருவராவது இருப்பார், அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். குருத்தோலைத் தோரணத்தை முந்தின ராத்திரி கட்டி, ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைத்தால் காலையில் வாடாமல் இருக்கும். ஒரு மரத்தில் ஒரு குருத்துக்குமேல் எடுக்க என் அப்பா விடமாட்டார். மரம் அதிலிருந்துதான் வளர வேண்டும். மிஞ்சிய ஓலையைக் குழந்தைகளிடம் கொடுத்து, காற்றாடியும் பாம்பும் செய்யத் தெரிந்த ஒரு தாத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால் மத்தியானம் வரை சத்தமே வராது.

போகிக்குக் காப்புக் கட்டுகிறோமே, வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கூரையிலும் தொழுவத்திலும் வயல்காட்டிலும் செருகுவதை யாரும் கைவினை என்று சொல்வதில்லை. பட்டிப் பொங்கலுக்கு (மாட்டுப் பொங்கல்) சாணியில் தெப்பக்குளம் கட்டுவதையும்தான். ஆளுக்கொரு கை போட்டு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எனக்குப் பிடித்த அளவு அதுதான். உங்களுக்கு இருப்பது ஒரு மாதம், வாரக் கடைசியில்தான் எல்லோரும் கூடுவீர்கள். ஆகவே தாம்பூலப் பை நூறு, கால்மிதி பாப்பாவுக்கு ஒன்று, குடிசை தாய்மாமன் பொறுப்பு. மற்றதெல்லாம் கடை.

துணி எடுக்கும்போது ஒரு மீட்டர் மட்டும் முதலில் வாங்கி வந்து நனைத்துக் காய வைத்து டேப்பால் அளந்து பாருங்கள். எவ்வளவு சுருங்குகிறதோ அதற்குத் தகுந்தாற்போல் சேர்த்து வாங்கலாம். எங்களுக்கு மீட்டருக்கு இரண்டு அங்குலம் போனது.