ஊர்ப் பலகையே சட்டம்

கேள்வி: ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட் ஜவுளிக் கண்காட்சிக்குப் போகிறோம். வாடகைக் கார் எடுத்துப் பக்கத்துக் கிராமங்களையும் சுற்றி, விதவிதமான சாலைப் பலகைகளைப் படம் பிடித்து வர ஆசை. ஜெர்மன் தெரியாதுங்க, சமாளித்துவிடலாமா? (வாசகர், கரூர்)

பதில்: படம் பிடியுங்கள். ஆனால் ஸ்டீயரிங்கைத் தொடுமுன் அந்தப் பலகைகளைப் படித்துக்கொள்ளுங்கள்.

கரூரிலிருந்து ஈரோடு போகிற வழியில் 'கொடுமுடி' என்று பலகை வந்தால், அது ஊர்ப் பெயர், அவ்வளவுதான். ஜெர்மனியில் மஞ்சள் பலகையில் கறுப்பெழுத்தில் ஊர்ப் பெயர் வந்தால், அந்த இடத்திலிருந்தே வேகம் 50 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. '50' என்று தனி வட்டம் வரும் என்று காத்திருந்தால் அபராதம்தான். ஊர் முடிகிற இடத்தில் அதே பெயரின் குறுக்கே சிவப்புக் கோடு இருக்கும். அதற்கப்பால் வேறு பலகை சொல்லாதவரை காருக்கு 100.

எந்தப் பலகையும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்குத்தான் முதல் வழி. இதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். வெள்ளை விளிம்பிட்ட மஞ்சள் சாய்சதுரம் கண்டால் முன்னுரிமை உங்களுக்கு. அதன் குறுக்கே கறுப்புக் கோடு விழுந்திருந்தால் அந்த உரிமை அங்கேயே முடிந்தது.

'நில்' பலகைக்கு எண்கோணம், 'வழிவிடு' பலகைக்குத் தலைகீழ் முக்கோணம். இந்த வடிவங்கள் வேறு எந்தப் பலகைக்கும் கிடையாது. ஜனவரிப் பனி எழுத்தை மூடினாலும் விளிம்பு பேசும். குறுக்குச் சாலைக்காரர் நிற்க வேண்டியவர் என்பதை, பலகையின் முதுகைப் பார்த்தே நீங்கள் தெரிந்துகொள்ளலாம். அந்த முதுகையும் ஒரு படம் எடுங்கள். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்!

பார்க்கிங் பலகையில், வந்த நேரத்தைக் காட்டும் பார்க்கிங் வட்டின் படமும் '2 Std.' என்றும் இருந்தால் இரண்டு மணி நேரம் இலவசம். அந்த நீல வட்டை முன்கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். 10:10க்கு வந்தால் முள்ளை அடுத்த அரைமணியான 10:30க்குத் திருப்புங்கள், 12:30 வரை நிறுத்தலாம். இடையில் வந்து முள்ளை நகர்த்துவது தப்பு.

காரை விட்ட தெருவின் பெயர் என்று 'ஐன்பான்ஸ்ட்ராஸ' பலகையைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பித் தேடாதீர்கள். ஒருவழிப் பாதை என்று பொருள், ஊர் முழுக்க அது இருக்கும். தெருமுனையில் உள்ள பெயர்ப்பலகையோடு எதிர் வீட்டு எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோபான் என்கிற அதிவேக நெடுஞ்சாலையில் படமெடுக்க ஓரங்கட்டாதீர்கள், அங்கே நிறுத்தவே தடை. பக்கத்து இருக்கைக்காரர் எடுக்கட்டும்.