பெல்லோஸில் ஃபோகஸ் ஸ்டாக்கிங்: லென்ஸை நகர்த்துவதா, கேமராவையா?

பெல்லோஸ் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே நீளும் துருத்தி) வைத்து ஸ்டாக்கிங் (ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த பல படங்களை ஒரே தெளிவான படமாகச் சேர்ப்பது) செய்யும்போது எந்தப் பக்கத்தை நகர்த்துவது, லென்ஸைச் சாய்க்கவும் நகர்த்தவும் முடிகிற டெக்னிக்கல் கேமரா இருந்தால்தான் சரியாக வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். 1:1 அளவில், அதாவது பொருளின் உண்மையான அளவிலேயே சென்சாரில் பிம்பம் விழும்போது, லென்ஸ் இருக்கும் முன்பக்கத்தை மட்டும் நகர்த்தாதீர்கள். பெல்லோஸ் வாங்கிய அன்று சாயங்காலம் முழுக்க அந்தக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன். படம் பெரிதாகிறது, சிறிதாகிறது, ஃபோகஸ் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. விற்றவரிடம் சண்டைக்கே போயிருப்பேன். கோளாறு பெல்லோஸில் இல்லை. 1:1-ல் பொருளுக்கும் சென்சாருக்கும் இடைவெளி லென்ஸின் குவியத்தூரத்தைப் (50 மிமீ லென்ஸ் என்றால் அந்த 50) போல நான்கு மடங்கு. அதற்கும் கிட்டத்தில் பிம்பம் தெளிவாக விழாது. அந்த இடத்தில் லென்ஸ் பொருளை நெருங்குவதும் சென்சாரைவிட்டு விலகுவதும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

இப்போது நான் எடுப்பது பெரும்பாலும் அரிசி வண்டு. மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், டப்பாவைத் திறந்தால் மாடல் தயார். பழைய 50 மிமீ என்லார்ஜர் லென்ஸை (ஃபிலிம் காலத்தில் படத்தைப் பெரிதாக்கி அச்சிடப் பயன்பட்டது) முன்பின்னாகத் திருப்பி மாட்டி, பெல்லோஸை 150 மிமீ நீட்டினால் மூன்று மடங்கு. லென்ஸின் துளையை எஃப்/4 வைத்தாலே நடைமுறையில் எஃப்/16 ஆகிவிடும், அதனால் இன்னும் மூடி ஆழம் தேட வேண்டாம், படம் மழுங்கும். தெளிவாக விழும் ஆழம் சுமார் 0.1 மிமீ. 0.05 மிமீ வீதம் நகர்த்தினால் முழு வண்டுக்கு 60 படம்.

அந்த 0.05-ஐக் கையால் எப்படி நகர்த்துவது? மைக்ரோமீட்டர் ரெயில் (திருகினால் நுணுக்கமாக நகரும் தண்டவாளம்) இருந்தால் கேமரா, பெல்லோஸ், லென்ஸ் மொத்தத்தையும் நகர்த்துங்கள். இல்லையென்றால் லென்ஸை அப்படியே விட்டுவிட்டு, கேமரா இருக்கும் பின்பக்கத்தை நகர்த்துங்கள். மூன்று மடங்கில், பின்பக்கம் 0.45 மிமீ நகர்ந்தால் ஃபோகஸ் 0.05 மிமீதான் நகரும். ஒன்பதில் ஒரு பங்கு. காசில்லாமல் கிடைத்த கியர்! லென்ஸ் அசையாததால் பார்வைக் கோணமும் மாறாது, ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் கால்களும் முடிகளும் சுத்தமாகச் சேரும். நீட்ட நீட்டப் படம் பெரிதாகும், வெளிச்சமும் குறையும். படங்களைச் சேர்க்கும் மென்பொருள்களான ஸீரீன், ஹெலிகான் இரண்டுமே அளவைச் சரிசெய்துகொள்ளும், வண்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம் மட்டும் விடுங்கள்.

அப்புறம் டெக்னிக்கல் கேமரா. லென்ஸைச் சாய்ப்பதால் பயன் உண்டு, ஆனால் சாய்ந்து கிடக்கும் தட்டையான பொருளுக்குத்தான்: பூச்சியின் இறக்கை, கைக்கடிகாரத்தின் முகப்பு. ஃபோகஸ் தளத்தை அதன்மேலேயே படுக்க வைத்தால் நாற்பது படம் ஐந்தாறாகும். உருண்டையான வண்டுக்குச் சாய்த்து என்ன லாபம்? ஆசையிருந்தால் நிக்கானின் பழைய பிபி-4 பெல்லோஸைத் தேடுங்கள், முன்பலகை திரும்பும், பக்கவாட்டிலும் நகரும். சாய்க்கும் வசதியுள்ள கேம்போ ஆக்டஸ் கேமராவின் விலைக்கு நான் இன்னும் மனதைத் தேற்றிக்கொள்ளவில்லை.

ஃபிளாஷ் இல்லாமல் எடுப்பதானால் மின்விசிறியை நிறுத்துங்கள், கிரைண்டர் ஓடும் நேரத்தில் தொடங்காதீர்கள். அறுபதில் ஒரு படம் ஆடினாலும் வண்டின் முதுகில் மங்கலாக ஒரு பட்டை விழும்.