டச்சு நேர்காணலுக்குப் போகுமுன்: வினைச்சொல் எங்கே நிற்க வேண்டும்?

நெதர்லாந்தில் ஆங்கில வழியில் முதுகலை படிப்பவர்களே, டச்சு மொழியைப் பட்டம் வாங்கியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். படிப்புக்குப் பின் வேலை தேடத் தரும் ‘ஸூக்யார்’ அனுமதி 1 ஆண்டுக்குத்தான். மென்பொருள் துறையில் ஆங்கிலத்தோடு சமாளிக்கலாம். மருத்துவமனை, பள்ளி, நகராட்சி வேலைகளுக்கு டச்சு கட்டாயம் வேண்டும்.

முதலில் வினைச்சொல்லின் இடத்தைப் பிடியுங்கள். ‘இக் வெர்க் மொர்கன்’ என்றால் ‘நான் நாளை வேலை செய்கிறேன்’. ‘நாளை’யை முன்னால் வைத்தால் ‘மொர்கன் வெர்க் இக்’. வினை இரண்டாம் இடத்தை விடாது, எழுவாய்தான் பின்னே போகும். ஆங்கில வரிசைப் பழக்கத்தால் பலர் ‘மொர்கன் இக் வெர்க்’ என்று சொல்லிவிடுகிறார்கள். ‘ஏனென்றால்’ என்பதற்கு ‘ஓம்டட்’ போட்டால் வினை தமிழில் போலக் கடைசிக்குப் போகும்: ‘ஓம்டட் இக் மொர்கன் வெர்க்’. அதே பொருள்தரும் ‘வன்ட்’ போட்டால் வரிசை மாறாது: ‘வன்ட் இக் வெர்க் மொர்கன்’. நேர்காணலில் பதற்றமாக இருந்தால் ‘வன்ட்’டையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிரியும் வினைகள். ‘ஸெக்’ என்றால் சொல்கிறேன். ஆனால் வாக்கியக் கடைசியில் ‘அஃப்’ வந்தால் சந்திப்பை ரத்து செய்கிறேன், ‘ஒப்’ வந்தால் வேலையையோ வாடகை ஒப்பந்தத்தையோ முடித்துக்கொள்கிறேன், ‘தூ’ வந்தால் வாக்குக் கொடுக்கிறேன். கடைசி அசையைக் கேட்காமல் தலையாட்டினால் ஆபத்து. அதனால் வினையைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் முழு வாக்கியமாக எழுதிப் படியுங்கள்.

தொனியை மாற்றுவது சின்னச் சொற்கள். ‘கொம்’ என்பது வெறும் கட்டளை. ‘கொம் ஏஃபன்’ என்றால் கொஞ்சம் வாங்க. ‘கொம் மார்’ என்றால் பரவாயில்லை, வாங்க. ‘கொம் தொக்’ என்றால் வாயேன். இவை இல்லாமல் பேசினால் இலக்கணம் சரியாக இருந்தும் அதட்டுவதுபோல் கேட்கும். நேர்காணலை ‘யூ’ என்ற மரியாதைச் சொல்லில் தொடங்குங்கள். அவர்களே ‘நீ’ என்பதுபோன்ற ‘யெ’ போதும் என்றால் மாறிக்கொள்ளலாம்.

பெயர்ச்சொல்லுக்கு முன் ஆங்கில ‘the’ போல வரும் ‘தெ’, ‘ஹெட்’ குழப்பத்துக்காக இப்போது தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பன்மைக்கு எப்போதும் ‘தெ’, சிறியது என்று காட்ட ‘-யெ’ என்று முடியும் ஒருமைச் சொற்களுக்கு எப்போதும் ‘ஹெட்’. மற்றவற்றைப் பெயர்ச்சொல்லோடு சேர்த்தே படியுங்கள். இதில் தவறினாலும் பொருள் புரிந்துவிடும்.

சான்று வேண்டுமென்றால் டச்சை இரண்டாம் மொழியாகக் கற்றவர்களுக்கான என்டி2 அரசுத் தேர்வு இருக்கிறது. ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் முதல் திட்டம் பி1 என்ற இடைநிலை, இரண்டாவது அதற்கு மேலான பி2. படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதினால் போதும்.