பழைய கல்மண்டபம், படித்துறையைச் சுத்தம் செய்யப் பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளுமாக 40 பேர் போகிறோம். எல்லாரும் பத்திரமாகத் திரும்பி வர என்னென்ன பார்க்க வேண்டும்?

தாமிரபரணிக் கரையில் ஒரு மண்டபம், அதையொட்டிப் படித்துறை, 40 பேரில் பாதிக்கு மேல் 18 வயது நிரம்பாத பிள்ளைகள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாளையங்கோட்டைக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் இதே வேலையாகச் சுற்றுகிற ஒரு சின்னக் குழுவில் வருகைப் பதிவேடு என் கையில் இருக்கிறது. அந்த ஒரு தகுதியில் சொல்கிறேன்.

வேலை நடக்கும்போது பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. வாரியலும் மண்வெட்டியுமாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். ஆவதெல்லாம் "சரி, முடிஞ்சுது, கை கால் கழுவுங்க" என்று சொன்ன பிறகுதான்.

நாலைந்து வருடம் முன்பு சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு படித்துறை. பத்து மணிக்கு வேலை முடிந்து புளியோதரைப் பொட்டலம் கொடுத்தோம். தண்ணீர் கேன் வாங்கப் போனவருக்கு ஒன்று எடுத்து வைத்தது போக இன்னொன்று மிஞ்சியது. யாரோ வேண்டாம் என்றிருப்பார்கள் என்று ஒருத்தர் அதையும் பிரித்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. எண்ணினேன், ஒரு தலை குறைந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன். கடைசிப் படியில் அவன் செருப்பு ஜோடியாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எங்களில் இரண்டு பேர் சட்டையோடு ஆற்றில் இறங்கிவிட்டார்கள். மேலே நின்ற பிள்ளைகளில் ஒன்று அழ ஆரம்பித்தது.

இருபது நிமிடம் கழித்து, பைக் பின்னால் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வந்து இறங்கினான். அன்றைக்குத்தான் புதிதாக வந்திருந்த ஒருவர், "ஏல, வா, கேனைப் பிடிச்சுக்கோ" என்று கூட்டிப் போயிருக்கிறார். அவர் மேல் தப்பு நினைக்க ஒன்றுமில்லை. ஆனால் அவர் பெயரைத் தவிர அவரைப் பற்றி எங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. பையனின் அம்மாவிடம் அன்று சாயங்காலம் நான் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. அடுத்த வாரம் பையனை அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வைத்த விதி இது: எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது. பைக்கில் ஏற்றக் கூடாது, மண்டபத்தின் இருட்டு மூலைக்குத் தனியாக அனுப்பவும் கூடாது. எங்கே போனாலும் மூன்று பேராகப் போக வேண்டும். நம் ஊரில் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம். இங்கே எல்லாரும் அண்ணாச்சி, மாமா, சித்தி. அந்த முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டால் அப்புறம் கேள்வி கேட்க வாய் வராது. அதனால்தான் ஆளைப் பார்த்துச் சொல்லாமல், வந்ததும் எல்லாரையும் நிற்க வைத்துப் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பதிவேட்டை வைத்திருக்கிற எனக்கும் அதே விதி.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012ஆம் வருடத்துப் போக்சோ சட்டப்படி 18 நிரம்பாத எல்லாரும் குழந்தைகள்தான், மீசை முளைத்த பிளஸ் டூ பையனும் சேர்த்து. ஒரு பிள்ளை உங்களிடம் வந்து அப்படி ஏதாவது நடந்ததாகச் சொன்னால், குழுவுக்குள்ளேயே பேசி முடிக்கிற உரிமை உங்களுக்குக் கிடையாது. போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். பெண் பிள்ளைகள் வந்தால் பெண்கள் இரண்டு பேராவது முழு நேரமும் கூட இருக்க வேண்டும். கழிப்பறைக்குப் பக்கத்து வீட்டிலோ பள்ளியிலோ முதல் நாளே கேட்டு வைத்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு, காலை முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் வேலை பார்த்து மயங்கி விழுந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஆறு. "அண்ணாச்சி, ஒரே ஒரு முங்கு, வந்திருதோம்" என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். நீச்சல் தெரிந்தவன்தான் தைரியமாக மணல் அள்ளிய பள்ளம் பக்கம் போவான். தண்ணீரை மூடிப் படர்கிற அமலைச் செடிக்கு (ஆகாயத்தாமரை) அடியில் ஆழம் தெரியாது. பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப்போகிற வேட்டி, சேலைகள் வேறு காலைச் சுற்றும். பாபநாசத்தில் அந்தத் துணிகளை இழுத்துப் போட்டவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். படித்துறைத் துணிகளைப் பெரியவர்கள் மட்டும், இடுப்பில் கயிறு கட்டி எடுக்கட்டும். பிள்ளைகள் மேல் படியோடு சரி. இங்கே வெயில் அடிக்கிறது என்று நம்பவும் வேண்டாம். மலையில் மழை பெய்து அணையில் திறந்துவிட்டால் இங்கே தண்ணீர் ஏறும். 143 அடி பாபநாசம் அணையில் எத்தனை அடி நிற்கிறது என்று காலையிலேயே பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் படித்துறை வேலையே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ஆறு என்ன செய்தது என்று உங்களுக்கும் நினைவிருக்கும்.

மண்டபத்துக்குள் நுழையுமுன் அண்ணாந்து பாருங்கள். தேன்கூடோ கடந்தைக் குளவிக் கூடோ இருந்தால் அன்று வேலை கிடையாது, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். குப்பையை அங்கேயே கொளுத்துகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தப் புகைதான் கூட்டைக் கிளப்பிவிடும். கல் இடுக்கில் கையை விடாமல் முதலில் கம்பால் தட்டுங்கள். பாம்பு கடித்தால் வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எல்லாம் வேண்டாம். ஆளை அசைய விடாமல் 108இல் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அரிவாள், கடப்பாரை பெரியவர்கள் கையில் மட்டும். உடைந்த பாட்டிலுக்குத் தடித்த கையுறையும் மூடிய செருப்பும் வேண்டும்.

இனி கல்லுக்கு வருவோம், அதற்கும் பத்திரம் உண்டு. அப்பர் சுவாமிகள் கையில் இருந்த உழவாரம் புல் செதுக்க, கல்லைச் செதுக்க அல்ல. கம்பிப் பிரஷ், ஆசிட் எதுவும் கூடாது. சுவரில் இறங்கிய அரச மர வேரைப் பிடித்து இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும். அதைத் தொல்லியல் ஆட்களிடம் விட்டுவிடுங்கள். இடம் யார் கையில் இருக்கிறது என்று விசாரித்து, அறநிலையத் துறையோ தொல்லியல் துறையோ, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். நல்ல மனசோடு செய்தேன் என்றால் கல் திரும்பி வராது. பழங்கால ஈமத்தாழிகள் புதைந்து கிடக்கிற ஆதிச்சநல்லூர்ப் பரம்புக்குப் பிள்ளைகளைச் சுற்றிக்காட்டக் கூட்டிப்போனால், கிளம்பும்போது பையைக் கவிழ்க்கச் சொல்லுவோம். கருப்பு சிவப்பு ஓட்டுச் சில்லு நாலைந்தாவது விழும். ஒருமுறை ஒரு தலைமையாசிரியரின் சட்டைப் பையிலிருந்தும் விழுந்தது. பிள்ளைகளுக்கு அன்று அதுதான் பெரிய கொண்டாட்டம்.

உங்கள் 40 பேருக்கு வருகிறேன். எங்கள் கணக்கு 5 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். மண்வெட்டி பிடித்திருப்பவரை அதில் சேர்ப்பதில்லை, பார்த்துக்கொள்வது மட்டுமே அவர் வேலை. பதிவேட்டில் பெயருக்கு நேராக மூன்று கட்டம்: வந்தது, சாப்பிட்டது, யாரோடு வீட்டுக்குப் போனது. மூன்றாவது கட்டம் நிரம்புகிற வரைக்கும் நீங்கள் வீட்டுக்குப் போக முடியாது. காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடித்துவிடுங்கள், சித்திரை வைகாசியில் ஒன்பதுக்கே. முதல் தடவைக்கு 40 பேர் அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது. 15 பேரோடு மண்டபத்தை மட்டும் பாருங்கள், படித்துறை அடுத்த மாதம் ஆகட்டும்.

மண்டபம் எந்த ஊர்ப் பக்கம் என்று நீங்கள் சொல்லவில்லை. அம்பாசமுத்திரத்துக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடையில் என்றால் எழுதுங்கள். எங்கள் கயிறும், லாரி டியூப் இரண்டும் வார நாளில் சும்மாதான் கிடக்கின்றன.