திரெட்டுக்கு எண் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: லினக்ஸில் ஒரே புரோகிராமின் எல்லா திரெட்டும் (புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை இழை) ஒரே பிஐடியை (ஓடும் புரோகிராமின் அடையாள எண்) காட்டுகிறதே, கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எப்படிப் பிரித்துப் பார்க்கிறது சார்?

பதில்: கெர்னலுக்குப் புரோசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்), திரெட் என்ற பேதமெல்லாம் பெரிதாகக் கிடையாது. இரண்டுமே டாஸ்க்தான், ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. அந்தத் தனி எண்ணைத்தான் கெர்னல் தனக்குள் பிஐடி என்கிறது, நீங்கள் பிஐடி என்று பார்ப்பதோ அந்தப் புரோகிராமின் திரெட்டுகள் சேர்ந்த குழுவின் எண், அதாவது முதல் திரெட்டின் எண். குழப்புகிற பெயர்தான், என்ன செய்ய! எண்கள் ஏறிக்கொண்டே போய் உச்சத்தைத் தொட்டதும் (பழைய வழக்கம் 32768, 64 பிட் கணினியில் 41,94,304 வரை உயர்த்தலாம்) 300-இலிருந்து மறுபடி காலி எண்ணைத் தேடும். அப்புறம், முடிந்துபோன திரெட்டின் எண் வேறொன்றுக்குப் போயிருக்கலாம், அதனால் பழைய எண்ணை நம்பி சிக்னல் (நிறுத்து என்பது போன்ற அறிவிப்பு) அனுப்பாதீர்கள். பிராக் (/proc) கோப்புறையில் உங்கள் பிஐடி எண்ணுள்ள கோப்புறைக்குள் இருக்கும் டாஸ்க் (task) என்ற உள்கோப்புறையைத் திறந்தால் எல்லா திரெட்டின் எண்ணும் தெரியும்.