உதகை வீட்டில் வெந்நீர்த் தரை: செலவு எங்கே போகிறது?

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர், உதகையில் தாம் கட்டிவரும் வீட்டில் 400 சதுர அடிக்குத் தரையடியில் குழாய் பதித்து வெந்நீர் ஓட்டலாமா, என்ன செலவாகும், அதே முறையில் குளிர்ந்த நீரை ஓட்டித் தண்டையார்பேட்டை வீட்டையும் குளிர்விக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

உதகையில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அங்கேயே குடியிருப்பவர்களுக்குத்தான் அது பொருந்தும். குழாயின் மேல் போடும் 50 முதல் 65 மில்லிமீட்டர் சிமென்ட் தளம் முழுவதும் சூடேறிய பிறகே அறை கதகதப்பாகும் என்பதால், சனிக்கிழமை மாலை போய் இறங்கி சுவிட்சைப் போடுபவருக்கு அன்றைய இரவு பெரும்பாலும் கம்பளியில்தான் கழியும். அவ்வப்போது போய்வரும் வீடு என்றால், சூடான காற்றும் தரக்கூடிய ஏசி ஒன்றே போதும் என்பது என் கருத்து.

குடியிருக்கப் போகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 16 மில்லிமீட்டர் பெக்ஸ் குழாயை (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) 150 மில்லிமீட்டர் இடைவெளியில் பதித்தால் சுமார் 250 மீட்டர் தேவைப்படும். அதை ஒவ்வொன்றும் 100 மீட்டருக்கு மிகாத மூன்று சுற்றுகளாகப் பிரித்து, சுற்றுகளுக்கு நீரைப் பங்கிட்டு அனுப்பும் மேனிஃபோல்டில் இணைக்க வேண்டும். பணம் பெரிதும் போவது குழாயில் அல்ல, நீரைச் சூடாக்கும் கருவியில்தான். சதுர மீட்டருக்கு 60 வாட் என்று கொண்டால் 37 சதுர மீட்டருக்குச் சுமார் 2.2 கிலோவாட் வெப்பம் வேண்டும். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் சாதாரண மின்ஹீட்டர் ஏறத்தாழ 18 யூனிட் எடுக்கும். 35 முதல் 40 டிகிரி நீரே போதும் என்பதால், வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து நீருக்கு ஏற்றும் ஹீட் பம்ப் அதில் மூன்றில் ஒரு பங்கோடு வேலையை முடித்துவிடும். இரு மாதக் கணக்கில் இது 1,080 யூனிட்டுக்கும் 360 யூனிட்டுக்கும் உள்ள வித்தியாசம். யூனிட் கூடக்கூடக் கட்டண விகிதமும் ஏறுவதால் ரூபாயில் இடைவெளி இன்னும் பெரிது.

சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகச் சொல்லும் விலைப்புள்ளியை ஏற்காதீர்கள். குழாய், மேனிஃபோல்ட், ஹீட் பம்ப், குழாயின் கீழே விரிக்கும் வெப்பத்தடுப்புப் பலகை, கூலி எனத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பலகையைத்தான் முதலில் கழித்துவிடப் பார்ப்பார்கள்; அது இல்லாவிட்டால் நீங்கள் காசு கொடுத்துச் சூடாக்குவது வீட்டை அல்ல, மண்ணை. தரைக்குள் குழாயில் இணைப்பே வரக்கூடாது. தளம் போடும்முன் நீரேற்றி 6 பார் அழுத்தத்தில் சோதித்து, சிமென்ட் கொட்டும்போதும் அழுத்த மானியைக் கழற்றாமல் வைத்திருங்கள்: மண்வெட்டி முனை பட்டு எங்காவது குழாய் கிழிந்தால் முள் அப்போதே இறங்கிக் காட்டிக்கொடுக்கும். தளம் மூடும்முன் குழாய்களை, டேப்பை வைத்து அளவு தெரியும்படி படம் எடுத்துக்கொண்டால், பின்னாளில் துளைபோட வருபவர் குழாயில் துளைக்காமல் தப்பலாம். தளம் போட்டு மூன்று வாரம் ஆகும்வரை வெந்நீர் விடக்கூடாது. பிறகும் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்ட வேண்டாம். மேலே டைல்ஸோ கிரானைட்டோ நல்லது. தடித்த கம்பளம் விரித்தால் போட்ட பணம் வீண்.

தண்டையார்பேட்டைக்கு இந்த யோசனை வேண்டாம். கடற்கரைக் காற்றின் ஈரம் பல நாட்களில் 24, 25 டிகிரியிலேயே நீராகப் படியத் தொடங்கும். தரையை அதற்குக் கீழே குளிர்வித்தால் ஐஸ் தண்ணீர்ச் சொம்பைப் போல டைல்ஸ் வியர்த்து, வீட்டுப் பெரியவர்கள் வழுக்கி விழ நேரும். மேல்மாடி வீடாக இருந்தால் அந்தப் பணத்தில் மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை ஓடு பதியுங்கள். அங்கே சூடு இறங்குவது கூரை வழியாகத்தான்.