லாக் டேபிளில் ‘பார்’, திருவிழாவில் டெசிபல்: வாசகர் கேள்வி–பதில்

கே: 0.0345-க்கு லாக் டேபிள் (மடக்கை அட்டவணை) 2̄.5378 என்று தருகிறது. கால்குலேட்டரோ –1.4622 என்கிறது. எது சரி?
– பிளஸ் ஒன் மாணவி, தென்காசி

ப: இரண்டும் ஒரே எண்தான். 2̄.5378 என்பதை ‘–2 கூட்டல் 0.5378’ என்று படியுங்கள், –1.4622 வந்துவிடும். மேலே உள்ள கோடு (‘பார்’) 2-க்கு மட்டுமே சொந்தம். புள்ளிக்குப் பிறகு வருவது எப்போதும் நேர் எண்.

இப்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. பத்தை எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் இந்த எண் வரும்? அதற்கான விடைதான் லாக். 345-க்கு 2.5378, 3.45-க்கு 0.5378, 0.0345-க்கு 2̄.5378. இலக்கங்கள் அதே 3, 4, 5 என்பதால் .5378 அசையவே இல்லை. பத்தால் எத்தனை முறை பெருக்கினோம், வகுத்தோம் என்பது மட்டும் முன்னால் மாறுகிறது. எல்லா எண்ணுக்கும் ஒரே டேபிள் போதுவது இதனால்தான். 1614-இல் ஜான் நேப்பியர் வெளியிட்ட முதல் அட்டவணையில் இந்த வசதி கிடையாது. பத்தை அடிமானமாக (அடுக்குக்கு உயர்த்தும் எண்ணாக) வைத்து ஹென்றி பிரிக்ஸ் 1624-இல் விரிவான அட்டவணை தந்த பிறகே இது கைக்கு வந்தது.

மதிப்பெண் போவது ஆன்டிலாக்கில், அதாவது லாக்கிலிருந்து எண்ணைத் திரும்பக் கண்டுபிடிப்பதில். –1.4622-இல் உள்ள .4622-ஐ அப்படியே ஆன்டிலாக் டேபிளில் தேடினால் 2898 வரும். அது தப்பு. முதலில் 2-ஐக் கூட்டி, 2-ஐக் கழித்து 2̄.5378 ஆக்கிக்கொண்டு .5378-க்குப் பார்த்தால் 3450 வரும் (கடைசி இலக்கம் ஒன்று முன்பின் இருக்கலாம்). முன்னால் இருப்பது 2̄ என்பதால் முதல் இலக்கம் புள்ளிக்குப் பின் இரண்டாம் இடத்தில் அமரும்: 0.0345.

கன மூலம் எடுக்கும்போதும் கவனம் வேண்டும். 2̄.5378-ஐ நேரடியாக 3-ஆல் வகுக்காதீர்கள். –3 + 1.5378 என்று மாற்றி வகுத்தால் 1̄.5126, விடை 0.3255.

கே: கோயில் திருவிழாவில் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள் வைத்திருந்தோம். அக்கம்பக்கத்தில் புகார் வந்ததால் ஒன்றை நிறுத்தினோம். செல்போன் செயலியில் 83 டெசிபல் 80-க்குத்தான் இறங்கியது. பாதியாக வேண்டாமா?
– விழாக் குழு உறுப்பினர், நாமக்கல்

ப: ஒலி ஆற்றல் பாதியாகத்தான் ஆனது. டெசிபல் என்பது ஆற்றல் விகிதத்தின் லாக்கைப் பத்தால் பெருக்கிச் சொல்வது. 2-இன் லாக் 0.301. ஆகவே ஆற்றல் பாதியானால் 3 டெசிபல் குறையும். 80 டெசிபல் 40 ஆக வேண்டுமென்றால், ஆற்றல் பத்தாயிரத்தில் ஒரு பங்காக வேண்டும்!

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. 80-இலிருந்து 55-க்கு இறங்க 25 டெசிபல் குறைய வேண்டும். அதாவது ஆற்றல் சுமார் 316-இல் ஒரு பங்கு. பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்து அங்கே போய்ச் சேர முடியாது. ஆம்ப்ளிஃபயரில் ஒலியை நன்றாகக் குறையுங்கள், பெட்டியின் முகத்தை வீடுகளை விட்டுத் திருப்புங்கள், தள்ளி வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். 10 மீட்டரில் 80 என்றால், 55 ஆவதற்கு ஏறக்குறைய 180 மீட்டர் தள்ள வேண்டும். செயலி காட்டும் அளவை அப்படியே நம்ப வேண்டாம்; அதே போனில், அதே இடத்தில் எடுத்த இரு அளவுகளின் வித்தியாசம் ஓரளவு சரியாக இருக்கும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் வரம்புக்கும் கீழேயே வையுங்கள்.

கே: 7 சதவீத வட்டியில் வைப்புத் தொகை எப்போது இரட்டிப்பாகும்? ஒருவர் 10 ஆண்டு என்கிறார், இன்னொருவர் பத்தே கால் என்கிறார்.
– வாசகர், காரைக்குடி

ப: ஆண்டுக்கு ஒருமுறை வட்டி சேர்ந்தால் 2-இன் லாக்கை 1.07-இன் லாக்கால் வகுக்க வேண்டும்: 0.30103 ÷ 0.02938 = 10.25 ஆண்டு. நம் வங்கிகள் பொதுவாகக் காலாண்டுக்கு ஒருமுறை சேர்க்கின்றன. அப்போது ஒரு காலாண்டுக்கு வட்டி 7-இல் கால் பங்கு, 1.75 சதவீதம். பெருக்கும் எண் 1.0175, 0.30103 ÷ 0.0075344 = 39.95 காலாண்டு. நாற்பதாவது காலாண்டில், சரியாகப் பத்து ஆண்டில், தொகை இரட்டிப்பைத் தொட்டுவிடும் (வரிப் பிடித்தம் இல்லையென்றால்).

இதை நான்கு இலக்க டேபிளில் போடாதீர்கள். 1.0175-க்கு அது 0.0075 என்றுதான் தரும், வகுத்தால் 40.13. நாற்பது தாண்டியதால் இன்னொரு காலாண்டு காத்திருக்க வேண்டும் என்று தோன்றும். ஒன்றை ஒட்டிய எண்களுக்கு ஏழு இலக்கமாவது வேண்டும்.

கே: பைத்தான் நிரல் மொழியில் 100-க்கு லாக் கேட்டால் 4.605 வருகிறது. 2 அல்லவா வர வேண்டும்?
– பாலிடெக்னிக் மாணவர், சிவகாசி

ப: அங்கே வெறும் ‘லாக்’ என்றால் அடிமானம் பத்து அல்ல, 2.71828 (கணிதத்தில் e எனப்படும் எண்). பத்து அடிமானத்துக்கு ‘லாக்10’ என்று எழுதுங்கள், அல்லது வந்த விடையை 2.302585-ஆல் வகுங்கள். எக்செல் கட்டத்தில் ‘லாக்’ பத்தையே எடுத்துக்கொள்ளும். அதே எக்செலின் மேக்ரோவில் (அதற்குள் எழுதும் சிறு நிரலில்) 2.71828-ஐ எடுக்கும். புது மென்பொருள் எதுவானாலும் முதலில் 100-ஐக் கொடுத்து, 2 வருகிறதா 4.605 வருகிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.